மூன்றாவது பாட்டில் யார் கை

1967-இல் இங்கிலாந்தில் எங்கள் ஓல்டம் ஊரில் லெஸ்லி கிளெக்கைப் போல அவமானத்தில் வெந்தவன் வேறு யாரும் கிடையாது. கிறிஸ்துமஸ், சாவு தவிர வேறெதற்கும் முன்னறையைத் திறக்காத அவன் அம்மா ஹில்டா, அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவையே அங்கே கூட்டிவைத்திருந்தாள். மகன் டிரம்ஸ் வாசிக்கும் குழுவின் முதல் இசைத்தட்டு வந்திருந்தது. உறையில் எழுத்தெல்லாம் வண்ணக் குழம்பாக நெளிய, நடுவே பூப்போட்ட சட்டையில் லெஸ்லி இளித்துக்கொண்டிருந்தான்.

படம் அவனுடையதுதான், வாசிப்புதான் அவனுடையதில்லை. லண்டன் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்ததும் பயலின் கை தறிகெட்டு ஓடியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தயாரிப்பாளர், "தம்பி, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். திரும்பி வந்தால், கூலிக்கு வாசிக்கும் ஒரு வழுக்கைத் தலைக்காரர் அவன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவர்களின் பெயர் அப்போதெல்லாம் உறையில் வராது. லெஸ்லி ஊரில் மூச்சு விடவில்லை.

மூன்றாவது பாட்டு வந்தது. நாடாவைத் தலைகீழாக ஓட்டிச் சேர்த்த கிடார் ஒலி நின்றதும் டிரம்ஸ் மட்டும் தனியாக உருண்டது.

"இது எங்க லெஸ்லி" என்றாள் ஹில்டா.

எதிர்வீட்டு வின்னிக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்ப இந்த மேஜைமேல கொஞ்சம் தட்டிக் காட்டேன் ராசா, பாக்கலாம்."

லெஸ்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் ஹில்டா முந்திக்கொண்டாள். "அவனுக்குக் கை சுளுக்கு. நீ கேக்கைத் தின்னு, வின்னி."

எல்லோரும் போனபின் அவன் சமையலறைக்கு வந்தான். "சுளுக்குன்னு ஏம்மா சொன்ன?"

"வருஷக் கணக்கா என் தலைக்கு மேல மாடியில தட்டியிருக்க. உருட்டுற இடம் வந்தா உன் கை தாளத்த விட்டு முந்திப் பறக்கும். இந்த ஆளு கை பறக்கல. தட்டைப் போட்டுக் கேட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா எல்லாரையும் கூப்பிட்ட?"

"அதுக்கு முன்னாடியே கூப்பிட்டுத் தொலைச்சிட்டேனே. அப்புறம் வேணாம்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" கோப்பையைத் துடைத்து வைத்தாள். "நல்லா வாசிக்கிறாருடா அந்த மனுஷன். பேரு என்ன?"

லெஸ்லி தரையைப் பார்த்தான். "தெரியாதும்மா. கேக்கல."

"அவரு வாசிச்சதுக்கு உன் படத்தப் போட்டிருக்காங்க. நீ பேரக்கூடவா கேக்கல?"

தெருவே கேட்கப் பொய் சொன்னபோதுகூட ஹில்டாவின் முகத்தில் வராத வெட்கம் அப்போது வந்தது.