கண்டவன் கத்தவேண்டும்

1995 ஓகஸ்ட். வாரக்கணக்காக மழை இல்லை. லண்டன் புறநகரான மிச்சம் பகுதியில் 'கொமன்' என்று எல்லோரும் சொல்லும் பெரிய புல்வெளி காவோலை நிறத்துக்கு வந்திருந்தது. நாளுக்கு ஒரு மூலையில் தீப்பிடித்தது.

அதன் ஓரத் தெருவில் ஆறு வீடுகளில், யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள தீவான ஊர்காவற்றுறைச் சனம். புகை கண்டால் எல்லோரும் சூசைதாசன் வீட்டு மேல்மாடி யன்னலில் குவிந்துவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் கொமன் முழுவதும் தெரியும்.

"தீவானுக்கு லண்டனுக்கு வந்தும் தண்ணிப்பஞ்சம் விடேல்லைப் பாருங்கோ," என்றான் பக்கத்து வீட்டுக் கஸ்பர். "சூசை அண்ணை, இண்டைக்கு டியூட்டி இல்லையோ? சம்பளமில்லாத பயர் பிறிகேட்டெல்லோ நீங்கள்."

சூசைதாசன் சிரிக்கவில்லை. ஊரில் அவர் லோஞ்சிப் படகு ஓட்டியவர். தீவில் பனங்கூடலில் தீ கண்டால், கண்டவன் கத்தவேண்டும். கண்டும் கத்தாமல் இருந்த ஒரு வீட்டை அவருக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெட்டைக்குக் கல்யாணம் பேசத் தீவில் ஒருவரும் வரவில்லை.

ஆகவே அவர் இங்கேயும் ஓடினார். கத்துவதற்கு ஆங்கிலம் போதாது. சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எரியும் புல்லின் ஓரத்தை அடித்து அணைத்தார். மூன்றாவது தீயில், தீயணைக்க வந்த ஒருவர் நீளப்பிடி வைத்த ரப்பர் மட்டையை அவர் கையில் கொடுத்தார். நாலாவதில் ஒரு பொலிஸ்காரர் பெயரைக் குறித்துக்கொண்டார். எல்லாத் தீக்கும் முதலாவதாக வந்து நிற்பவர்தான் தீ வைப்பவரோ என்று யாருக்குத்தான் தோன்றாது?

அவருடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு, அப்பீல் செப்டெம்பரில் இருந்தது. சொலிசிட்டர் சொன்னது ஒரே வசனம்: பொலிசோடு ஒரு சோலியும் வேண்டாம்.

மகள் டொலறஸுக்கு விசா கிடைத்துவிட்டது. பக்கத்து ஸ்ட்ரெதம் பகுதியில் தீ அபாய மணி பொருத்தும் ஒரு சிறிய கம்பனியில் டெக்னீசியன். வீட்டில் அவர்கள் இரண்டே பேர்.

"அப்பா, இனி நீங்கள் போகக்கூடாது."

"நெருப்பைக் கண்டுகொண்டு சும்மா இருக்கச் சொல்லுறியோ?"

"கொழும்பில கொண்டுபோய் இறக்கிவிட்டாங்களெண்டால் உங்களை ஆர் வந்து எடுக்கிறது? உங்கட பயர் பிறிகேட்டோ?"

"கொம்மா மாதிரியே கதைக்கிறாய்." சிரித்துக்கொண்டே மாதா படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

17ஆம் திகதி, வியாழன், பிற்பகல் 3.10. டொலறஸின் வேலைத்தலத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"பிள்ளை, டெரிக்கின்ர புறாக் கொட்டிலுக்குக் கிட்டப் புகையுது. காத்தும் அந்தப் பக்கம்தான். ஆளையும் காணேல்லை."

டெரிக் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. கொமன் ஓரத்துக் கொட்டிலில் பந்தயப் புறா வளர்த்தவர். சூசைதாசனுக்கு இங்கே இருந்த ஒரே வெள்ளைக்காரச் சினேகிதன். இருவரும் விரலை நனைத்துக் காற்றுப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். பேச்சு அவ்வளவுதான்.

"நீ பயர் பிறிகேட்டுக்குப் போன் அடிச்சுச் சொல்லு, பிள்ளை. என்ர இங்கிலீஸ் அவங்களுக்கு விளங்காது."

"பேர் கேப்பாங்கள், அப்பா. பிறகு நீங்கள் எப்பிடிக் கண்டதெண்டு வரும். வேற ஆரும் சொல்லியிருப்பினம். யன்னலைச் சாத்திப்போட்டு இருங்கோ."

அவசர அழைப்பில் தீயணைப்பாளர் முதலில் கேட்பது பெயரை அல்ல, இடத்தை. வேலை காரணமாக அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனை வைத்தாள். மேசையில் பாதியில் இருந்த புகையுணரிக்கு வயர் சீவத் தொடங்கினாள்.

வேறு யாரோ சொல்லத்தான் சொன்னார்கள், இருபத்தைந்து நிமிடம் கழித்து. டெரிக் குரொய்டனிலிருந்து திரும்பியபோது கொட்டில் இல்லை. முப்பத்தெட்டுப் புறாக்களும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து சூசைதாசன் அங்கே போய்ச் சாம்பல் அள்ளினார். புதுக் கொட்டிலுக்கு மரச்சட்டம் அடித்தார். டெரிக் தேநீர் கொடுத்தார்.

"நான் கண்டனான் எண்டு அவனுக்குச் சொல்லட்டோ, பிள்ளை? நீ வந்து இங்கிலீசில சொன்னால் காணும்."

"வழக்கு முடியட்டும்."

வழக்கு இரண்டு தடவை தள்ளிப்போனது. 1997 ஜூனில் வென்றது. கடிதத்தை மகள் வாசித்து முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார்.

"அப்ப இனிச் சொல்லலாம், என்ன?"

அன்று அவளுக்குச் சொல்லச் சாட்டு இருக்கவில்லை. இருந்தும் சொன்னாள்: "ஏன் இப்ப பழசைக் கிளறுறியள்? அந்தாள் உங்களை நல்ல மனுசன் எண்டு நினைக்குது. அப்பிடியே இருக்கட்டும்."

அவர் கடிதத்தை வாங்கி மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை டெரிக்கிடம் போகவில்லை. அதற்கடுத்த சனியும் போகவில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

1998 ஒக்டோபரில், காலைச் சாப்பாட்டின்போது, மாரடைப்பு. வயது 61.

அடக்கப் பூசைக்கு டெரிக் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். கோயில் வாசலில் டொலறஸின் கையைப் பிடித்தார். "கொட்டில் எரிந்த பிறகு என்னிடம் வந்த ஒரே மனிதர் உங்கள் அப்பாதான்," என்றார்.

அவள் நேரத்திலிருந்து தொடங்கினாள். வேறெப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"3.10க்கு அப்பா கண்டார். எனக்குப் போன் செய்தார். உங்கள் கொட்டில் என்றும் சொன்னார். நான்தான் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றேன். எங்கள் வழக்குக்குப் பயந்து. பிறகு உங்களிடம் சொல்லவேண்டுமென்று இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கும் விடவில்லை."

டெரிக் அவள் கையை விட்டார். கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாசலில் நின்ற சனம் விலகி அவர்களுக்கு இடம் கொடுத்தது.

"அதனால்தான் வருவதை நிறுத்தினாரா?" என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழில்தான் வாயில் வந்தது. அவருக்கு விளங்கியது.

"நான் ஏதோ பிழையாகச் சொல்லி அவர் மனதை நோகடித்துவிட்டேன் என்று இருந்தேன்," என்றார் டெரிக். "ஒருநாள் உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாமல் திரும்பிப் போனேன்."