ஆகஸ்ட் மாதத்து முட்டாள்

கார்மன் ப்ராஸர் வேல்ஸ் நாட்டுக்காகப் பதினேழு நிமிடம் ரக்பி ஆடினான். அதைச் சொன்னால் எங்கள் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் எழுந்து வந்து கை கொடுப்பார்கள். எங்கள் கிளப்புக்காகப் பதினோரு வருடம் ஆடினான். அந்தப் பதினோரு வருடம்தான் அவனைத் தின்றது.

நான் ஹவெல். ஸ்க்ரமில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, குனிந்து, மோதித் தள்ளும்போது முன்வரிசையின் நடுவில் நான், எனக்கு வலப்பக்கம் அவன். என் வலது கை ஒன்பது வருடம் அவன் முதுகின்மேல் கிடந்தது. அவன் மூச்சு விடுவதை வைத்தே அன்றைக்கு அவன் கழுத்து வலிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என் மனைவியைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது.

சாலைக்குத் தார் போடும் வேலையில் இருந்து வந்தவன் அவன். கழுத்து கிடையாது, தலைக்குக் கீழே நேராகத் தோள்தான். காது இரண்டும் கசங்கிப்போய் இஞ்சித் துண்டாகத் தொங்கும். ஆனால் எங்கள் ஊர்த் தேவாலயமான சேப்பலின் பாட்டுக்குழுவில் அவன்தான் புத்தகம் இல்லாமல் பாடுவான். அறுபது பாட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சரணம், ஒரு சொல் தவறாது. பஸ்ஸில் வெளியூர் போகும்போது, பத்து வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தில் எதிரணியின் முன்வரிசையில் யார் யார் என்று பந்தயம் கட்டிச் சொல்லுவான். அவனிடம் தோற்காதவர்கள் எங்கள் பஸ்ஸில் கிடையாது.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆகஸ்டும், பருவம் தொடங்குமுன், எங்களை ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். திரையில் பத்துச் சொல் வரும், போகும். பிறகு என்னென்ன வந்தது என்று கேட்கும். வட்டம், சதுரம் காட்டும். பட்டனைத் தட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறோம் என்று பார்க்கும். அந்த மதிப்பெண் பதிவாகும். பிறகு மைதானத்தில் தலையில் அடிபட்டால் அதே பரிட்சை மறுபடியும். ஆகஸ்டு மதிப்பெண்ணைவிடக் குறைந்தால் மூன்று வாரம் வெளியே. மூன்று வாரம் வெளியே உட்கார்ந்தால் உன் இடத்தில் வேறொருவன் நிற்பான். அப்புறம் உன்னை யார் தேடப்போகிறார்கள்?

கார்மன் முதல் வருடம் வந்தபோது நேர்மையாகப் பரிட்சை எழுதி, பத்துக்குப் பத்துச் சொல்லையும் சொல்லிவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்தான். எல்லாரும் அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோம். அடுத்த ஆகஸ்டில் உடைமாற்றும் அறையில் நான்தான் அவனைக் கூப்பிட்டேன்.

"பத்துல நாலு சொல்லு, போதும். பட்டனைத் தூங்கித் தூங்கித் தட்டு. ஆகஸ்டுல முட்டாளா இருந்தாத்தான்டா ஜனவரியில ஆட முடியும்."

"நாலு அதிகம்டா. உன்னைப் பார்த்து அஞ்சு வருஷமா மூணுக்குப் பழகிப்போன டாக்டர், என்னைச் சந்தேகப்படுவாரு," என்றான். அறையே சிரித்தது. அதன்பின் பத்து வருடமும் மூன்றுதான் சொன்னான்.

ஒரு டிசம்பரில் எதிரணிக்காரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. எழுந்தான். நேராகப் போய் எதிரணியின் வரிசையில் நின்றுகொண்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். போய்க் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டிவந்தேன். திங்கட்கிழமை பரிட்சையில் ஐந்து சொல் சொன்னான். மூன்றைவிட ஐந்து அதிகம்தானே? சனிக்கிழமை ஆடினான். அந்தப் பருவத்தில் மட்டும் இப்படி நான்கு முறை நடந்தது. மற்ற பருவங்களை நான் எண்ணவில்லை.

முப்பத்து மூன்றில் ஓய்வு பெற்றான். நாற்பத்து நான்கில் அடுப்பில் வெறும் கெண்டியை வைத்து அடி கருகவிட்டான். பிறகு சேப்பலில் பாட்டின் இரண்டாவது சரணத்தில் நின்றுபோய்ச் சுற்றிலும் பார்த்தான். பிறகு ஒருநாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் மைதானத்து வாசலில் நின்றான், பயிற்சிக்கு வந்திருக்கிறேன் என்று. கூப்பிடப் போன அவன் மனைவி மெலெரியைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பூனையைக்கூட அதட்டாதவன் அவன். குடிதான் காரணம் என்று ஊர் பேசியது. கைதட்டிய அதே ஊர்.

எங்களைப் போன்ற பழைய ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சிறு பராமரிப்பு இல்லம் இருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடம். மெலெரி பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத் தினமும் போய் அவனோடு சாப்பிடலாம். அங்கே இடம் வேண்டுமென்றால், ஆட்டத்தால்தான் மூளை கெட்டது என்று டாக்டர் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய முதியோர் விடுதி. மெலெரி கேட்டது அந்த ஒரு கையெழுத்தைத்தான்.

டாக்டர் இளம்பெண், நல்லவள். கிளப்பிலிருந்து பழைய ஆகஸ்டு பரிட்சைத் தாள்களை வரவழைத்து வைத்திருந்தாள். கார்மனிடம் தான் கேட்டு எழுதிய ஞாபகப் பரிட்சையின் புதிய தாளை அவற்றின் பக்கத்தில் வைத்தாள். "ஸ்கேன்ல மூளை சுருங்கியிருக்குன்னு தெரியுது. எதனாலன்னு அது சொல்லாது. இந்தத் தாளைப் பார்த்தா, இவருக்கு இருபத்து மூணு வயசுலயே ஞாபகம் இவ்வளவுதான் இருந்திருக்கு," என்றாள். முதல் வருடத்துத் தாள் ஒன்று மட்டும் பத்து என்றது. பத்துத் தாள்கள் மூன்று என்றன. பத்துதான் தவறுதலாகப் பதிவானது என்று யாரோ எப்போதோ ஓரத்தில் குறித்திருந்தார்கள்.

மெலெரி அறுபது பாட்டைப் பற்றிச் சொன்னாள். பஸ் பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. கோழை.

மறுநாள் அவள் சமையலறையில் போய் உண்மையைச் சொன்னேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அவர் மட்டுமா? எல்லாருமா?"

"எல்லாரும்தான். நான்தான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

"அப்ப நீ மட்டும் எப்படி நல்லா இருக்க?"

அவள் அழவும் இல்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. தேநீரை என் முன்னால் தள்ளி வைத்தாள். அதைக் குடிப்பதற்குள் நான் பட்ட பாடு எந்த ஸ்க்ரமிலும் பட்டதில்லை.

நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். அவள் நீண்ட நேரம் படித்தாள். பழைய தாள்களை ஒதுக்கிவிடுவதாகவும், இன்னொரு பரிட்சை வைப்பதாகவும் சொன்னாள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் பரிட்சை அது. கார்மன் உண்மையாக முயன்று தோற்றால் போதும், எழுதித் தருவாள். பரிட்சை அன்று மெலெரி அவனுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு அணிவித்துக் கூட்டிவந்தாள்.

நான் பக்கத்தில் இருந்தால்தான் அவன் அமைதியாக உட்காருவான். அதனால் என்னையும் உள்ளே விட்டார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பல மாதமாக அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. திரையில் சொற்கள் வந்தன, போயின. டாக்டர் என்னென்ன வந்தது என்று கேட்டாள். கார்மன் என் பக்கம் சாய்ந்தான். ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

"மூணு போதும்ல?"

டாக்டரின் பேனா நின்றது. "கார்மன், ஞாபகம் இருக்கிறதை எல்லாம் சொல்லுங்க," என்றாள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பட்டனைத் தூங்கித் தூங்கித் தட்டினான்.

வெளியே வந்து டாக்டர் எங்கள் இருவரிடமும் தணிந்த குரலில் பேசினாள். இவருக்கு என்ன ஆயிற்று என்று தனக்குத் தெரியும், ஆனால் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னவர் என்றுதான் இந்தத் தாளில் வருகிறது, இதை வைத்துத் தன்னால் எழுத முடியாது என்றாள். மன்னிப்பும் கேட்டாள். மலைக்கு அந்தப் பக்கத்து விடுதிக்கான படிவத்தை மெலெரி வாங்கிக்கொண்டாள். பைக்குள் வைக்க அவளுக்கு நேரமானது.

கார்மன் நடைவழியில் எங்களுக்காகக் காத்து நின்றான். நான் கிட்டே போனதும் இடது கையைத் தூக்கி என் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். பழைய பிடி, பழைய இடம். என் வலது கை தானாக அவன் முதுகுக்குப் போனது.

"நல்லா முட்டாளா இருந்தேனாடா?"

"இருந்தடா," என்றேன்.

"அப்ப சனிக்கிழமை ஆடலாம்."

மெலெரி எங்களைக் கடந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவனைக் காருக்கு நடத்திக் கூட்டிப்போனோம்.