இந்தியன் பாஸ்போர்ட்டா, ‘யெஸ்’ போடு

1. பதினொரு மணிக்கு வந்த போன்

“தங்கச்சி, ரவுண்டானால இடிச்சிட்டேன். நூருக்குக் கை தொங்குது. ஆம்புலன்ஸ் வந்திருக்கு. போலீஸ் என்னமோ பேப்பர் கேக்குறாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

பேசியவர் ஜாஹிர் பாய். பேசிய இடம் மால்டா, இத்தாலிக்குக் கீழே மத்தியதரைக் கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு. அவரையும் அவர் மனைவி நூர்ஜஹானையும் அங்கே அனுப்பி வைத்தவள் நான். பர் துபாயில் ஒரு டிராவல்ஸில் பத்தொன்பது வருடம் ஹாலிடே பேக்கேஜ் கவுண்டரில் உட்கார்ந்தவள். போன வருடம் வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது அந்த மாதிரிக் கவுண்டர்களில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத இரண்டு முறை முயன்று இரண்டையும் கிழித்துப் போட்டேன். எனக்கு நிதானம் வரவில்லை. கோபத்தோடே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. பஸ்ஸில் போனால் என்ன குறைந்துவிடும்?

ஜாஹிர் பாய் கீழக்கரைக்காரர். துபாய் மீனா பஜாரில் அத்தர் கடை வைத்திருக்கிறார். நூர்ஜஹானை நான் லாத்தா, அதாவது அக்கா என்று கூப்பிடுவேன்; லாத்தா வீட்டிலிருந்தே மருதாணி போட்டுவிடுவார். கல்யாண சீசனிலும் பெருநாளுக்கு முந்தைய வாரத்திலும் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் இருவரும் சேர்ந்து போன ஒரே பயணம் மக்காவுக்கு உம்ரா யாத்திரை. இப்போது ஒரு வாரம் எங்காவது போக வேண்டும் என்று வந்தார்கள். லாத்தாதான் போட்டோவைப் பார்த்து மால்டாவைத் தேர்ந்தெடுத்தார்.

சுற்றிப் பார்க்க எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். பாய் சொன்ன பதில் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“கார் வேணாம் தங்கச்சி. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தா கடல யாரு பாக்குறது? பஸ்ஸு கிஸ்ஸு இருக்கா?”

இருக்கிறது. மால்டாவில் பஸ் போகாத ஊர் கிடையாது. தலைநகரம் வலேட்டாவின் கோட்டை வாசலுக்கு வெளியிலேயே பஸ் நிலையம். அங்கிருந்து தீவின் எந்த மூலைக்கும் ஏறலாம். எதிர்க்கரையில் இருக்கும் ஸ்லீமாவுக்குப் போக குட்டி ஃபெர்ரி, நம் துபாய் க்ரீக்கில் அப்ரா படகில் போவதுபோலச் சில நிமிடத்தில் போய்விடலாம். வடக்கு முனைக்குப் பஸ்ஸில் போய் அங்கே பெரிய ஃபெர்ரி பிடித்தால் கோசோ என்கிற பக்கத்துத் தீவு. அவசரத்துக்கு டாக்ஸி. ஒரு நாள் மட்டும் டிரைவரோடு வண்டி வேண்டுமென்றால் அதற்கும் ஆள் உண்டு. எல்லாவற்றையும் நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி, எந்தப் பஸ், எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று குறித்துக் காட்டினேன். லாத்தா அந்தத் தாளை வாங்கி இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் தியாகு உள்ளே வந்தார். கோயம்புத்தூர்க்காரர். பேச்சில் மரியாதை சொட்டும். வேலையில் அது இருக்காது.

“என்னங்க விஜயா, கடை மொதலாளியப் போயி பஸ்ல ஏத்தி விடறீங்க? சொந்த வண்டி ஓட்டற மனுசருங்க. கேம்ப் லேபராட்ட கியூவுல நிப்பாருங்களா? பாய், உங்களுக்கு செல்ஃப் டிரைவ் போட்டுத் தரேன். உங்க இஷ்டத்துக்குப் போங்க, வாங்க.”

அந்த மாதம் செல்ஃப் டிரைவ், அதாவது கஸ்டமரே ஓட்டும் வாடகைக் கார் புக்கிங்கில் அவர் டார்கெட் பாதிகூட ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். வளைகுடாவில் பஸ் என்றால் தொழிலாளர் கேம்பிலிருந்து கட்டட சைட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி என்று நம் ஆட்கள் மனதில் பதிந்து கிடக்கிறது. தியாகு சரியாக அந்த இடத்தில் கை வைத்தார். கவுண்டரில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் எனக்குப் பஸ்ஸே போதும் என்று பாயால் சொல்ல முடியவில்லை. “சரி சார், நீங்க சொன்னா சரிதான்” என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. அந்த டிக்

கார் வாடகைக்கு எடுப்பதற்கு ஒரு ஃபாரம் உண்டு. லைசென்ஸ் நம்பர், எத்தனை வருட அனுபவம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஏழாவது வரியில் ஒரு கேள்வி வரும்: சாலையின் இடதுபுறம் வண்டி ஓட்டிய அனுபவம் உண்டா? துபாயில் வலதுபுறம் ஓட்டுகிறோம். மால்டாவில் நம் ஊர்போல இடதுபுறம். ஸ்டியரிங்கும் மாறி இருக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி.

எங்கள் ஆபீஸில் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்பதில்லை. இந்தியன் பாஸ்போர்ட்டா, ‘யெஸ்’ போடு. இலங்கையா, ‘யெஸ்’. பாகிஸ்தானா, ‘யெஸ்’. ஊரில் இடதுபுறம்தானே ஓட்டுகிறார்கள், அப்போது தெரிந்துதானே இருக்கும் என்பது கணக்கு. நான் சேர்ந்த புதிதில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்தேன்.

ஜாஹிர் பாய் பத்தொன்பது வயதில் துபாய்க்கு வந்தவர். கீழக்கரையில் அவர் ஓட்டியது சைக்கிள். கார் பழகியது, ஐந்து தடவை டெஸ்டில் ஃபெயிலாகி ஆறாவது தடவை லைசென்ஸ் எடுத்தது, எல்லாம் இங்கே. இடதுபுறத்தில் ஒரு நாள்கூட அவர் கார் ஓட்டியதில்லை. இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரரே அப்படித்தான். ஷார்ஜாவில் லைசென்ஸ் எடுத்தவர். லீவுக்குத் திருச்சிக்குப் போனால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார், டிரைவர் வைத்துக்கொள்வார். இது தெரிந்த நான்தான் பாயிடம் கேட்காமல் ஏழாவது வரியில் ‘யெஸ்’ டிக் அடித்தேன். கீழே இங்கே சைன் பண்ணுங்க பாய் என்றேன். அவர் பண்ணினார்.

என்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே கிடையாது.

4. “கலாஸ், விடுங்க”

முதல் நாள் ஹோட்டலுக்கு அருகிலேயே மெதுவாக ஓட்டிப் பழகியிருக்கிறார். இரண்டாம் நாள் காலை ஒரு ரவுண்டானாவில் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் திரும்பிவிட்டார். எதிரே வந்த வேன் லாத்தா உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, அங்கேயே ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். பாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவரை இன்னும் கொன்றது.

விபத்தை விசாரித்தவர்கள் அந்த ஃபாரத்தை அவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். அனுபவம் உண்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் தன் கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்.

நான் தியாகுவிடம் போய், சார், அந்த டிக் நான் போட்டது, பாயிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

“அறிவிருக்குதுங்களா விஜயா? கஸ்டமர் சைன் இருக்குது. நம்ம மேல ஒண்ணுமில்ல. கலாஸ், முடிஞ்சுது, விடுங்க. போயிச் சொன்னீங்கன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லைங்க.”

வேலை போனால் விசா போகும். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். விட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

திரும்பி வந்த பாய் தன் காரை விற்றுவிட்டார். மீனா பஜார் பக்கம் போனால் அவர் கடை இருக்கும் தெருவை விட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவேன். அந்த வருடம் பெருநாளுக்கு லாத்தா யாருக்கும் மருதாணி போடவில்லை. விரல்கள் மடங்கவில்லை என்று பக்கத்து ஃபிளாட் பெண் சொன்னாள். புருஷன் சரியாக ஓட்டத் தெரியாமல் பெண்டாட்டி கையை ஒடித்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பேசுவதாகவும் சொன்னாள்.

5. கடையில்

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போனேன். பாய் கல்லாவில் இருந்தார். லாத்தா உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை வலது கையால் அமுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். ஏழாவது வரி என்ன கேட்கிறது, அதை நான் உங்களிடம் கேட்கவில்லை, நானே டிக் போட்டேன், ஆபீஸில் எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம், மேனேஜர் சொல்ல வேண்டாம் என்றார், நானும் பயந்துகொண்டு சொல்லவில்லை.

பாய் கல்லாவை மூடினார். பிறகு சின்னக் குரலில் கேட்டார்.

“அப்ப நான் பொய் எழுதலையா தங்கச்சி? அந்த மேனேஜர் நாலு பேரு முன்னாடி சொன்ன ஜோர்ல, வீம்புக்கு நானேதான் தெரியும்னு போட்டுட்டேனோன்னு நெனச்சேன். எனக்கே நெனப்பு இல்லையேன்னு ராவும் பகலும் போட்டுக் கொழப்பிக்கிட்டேன்.”

“இல்ல பாய். நீங்க எதுவும் எழுதல.”

அவர் கல்லா மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். லாத்தா எழுந்து வந்தார். அவர் கத்துவார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். கத்தவில்லை.

“கையி ஒடஞ்சது அல்லாஹ் விதிச்சதுன்னு நான் அன்னைக்கே விட்டுட்டேன். ஆனா மூணு மாசமா இந்த மனுஷன் என் மொகத்தப் பாத்து ஒருவேள சோறு திங்கல. இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே வந்து சொல்றதுக்கு ஒனக்கு என்ன கேடு? நீயும் ஒரு பொம்பளதானே? போ. ஒன்னப் பாக்கவே எனக்கு முடியல.”

வந்துவிட்டேன். அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். தியாகு இன்னும் அங்கேதான் இருக்கிறார், மரியாதையாகப் பேசிக்கொண்டு.

கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளே, மால்டா அனுப்பினாலும் சைப்ரஸ் அனுப்பினாலும் முதலில் பஸ்ஸைச் சொல்லுங்கள், ஃபெர்ரியைச் சொல்லுங்கள், அதில் யாருக்கும் கௌரவம் குறையாது. கார் கேட்டால் ஏழாவது வரியை வாய்விட்டுக் கேளுங்கள். நான் வேலையை விடுவதற்குள் அப்படிக் கேட்டுப் பார்த்த முதல் ஆள், மதுரைக்கார இன்ஜினியர், “இல்லீங்க, நான் ஓட்டப் பழகினதே இங்கதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. தவறு செய்துவிட்டால், பாஸ் என்ன சொன்னாலும், அன்றைக்கே போய் உரியவரிடம் சொல்லுங்கள்.

பாய் இப்போது என்னைப் பார்த்தால் சலாம் சொல்கிறார். லாத்தா இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.