பாவா கொடுத்த குரல்

கரண்ட் போனால் ஊரே சலித்துக்கொள்ளும்; எங்கள் பாவா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்காருவார். பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டைச் சுற்றிலும் விசைத்தறிகள். அவை நின்றால்தான் அந்தத் தெருவில் ஒருவர் குரலைச் சுத்தமாகப் பதிவு செய்ய முடியும். ஆனால் தறியோடு கணினியும் நின்றுவிடுமே! அதற்காகத் திருத்தணியிலிருந்து ஒரு பழைய யு.பி.எஸ்.ஸை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் பேட்டரி தாங்குகிற சொற்ப நேரம்தான் எங்களுக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. நான் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக்காட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பலர் சம்பளமில்லாமல் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் பிழை கண்டு சொல்லலாம், உதவிக் குறிப்புகள் எழுதலாம், குரல் தரலாம் என்று மின்னஞ்சல் மடற்குழுவில் கேட்டிருந்தார்கள். பாவா பள்ளி ஆசிரியர், ஓயாத பேச்சுக்காரர். அப்போது அவருக்குத் தொண்டையில் புற்று. சென்னை ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட நாள் குறித்திருந்தார்கள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "எப்பிடியும் போவப் போற கொரல்தான மச்சான், யாருக்காவது ஒதவட்டும்" என்றார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

குரல் லேசாகக் கம்மியிருந்தது. பரவாயில்லை, முழுவதையும் ஒருவரே வாசித்தால் போதும் என்று மடற்குழுவில் சொன்னார்கள். அவர்கள் அனுப்பிய வாக்கியங்கள் எல்லாம் ஏட்டுத் தமிழ். பாவா வகுப்பில் பாடம் நடத்துகிற கம்பீரத்தோடு வாசிப்பார். இருமலோ வேறு பேச்சோ விழுந்த பதிவுகளை ஒதுக்கிவிட்டு, நல்லவற்றை மட்டும் வெட்டி அனுப்புவது என் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்தினம் கடைசி வாக்கியத்தை முடித்தார். "ஜெயிச்சிட்டோம்டா" என்று என் முதுகில் தட்டினார்.

அடுத்த ஆண்டு மென்பொருள் வெளிவந்தது. நான் அதை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் கழுத்தில் துணி சுற்றிய பாவா ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள். "கொரலு அவருதுதான். ஆனா ரேடியோல சேதி படிக்கிற மாரி கீதேடா. என்னாண்ட எப்ப இப்பிடிப் பேசுனாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாவா முகம் விழுந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒதுக்கிய பதிவுகள் ஒரு சிடியில் கிடந்தன. மறுவாரம் அவற்றை எடுத்துப்போய் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். பாதி வாக்கியம், இருமல், பிறகு மைக் திறந்திருப்பதையே மறந்து பாவா அக்காவைக் கூப்பிடுகிறார்: "ஏம்மே, தண்ணி எடுத்துகினு வா. தொண்ட காயுது." உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. ஈரக் கையோடு ஓடிவந்த அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

யாரென்றே தெரியாத எத்தனையோ பேருக்குப் பாவாவின் குரல் இன்று பாடமும் செய்தியும் படிக்கிறது. அந்த வீட்டில் மட்டும் அந்த மென்பொருளை யாரும் திறப்பதில்லை. பாவாவுக்குத் தாகமெடுத்தால் கெட்டுப்போன அந்த ஒரு பதிவைத்தான் கணினியில் தட்டி ஓடவிடுகிறார். தறிச் சத்தத்தையும் மீறி அடுப்படியிலிருந்து அக்கா பதில் சொல்கிறாள்: "ஆங், வந்துகினே கீறேன்."