முழங்கை சொன்ன சூடு

எழுபதுகளின் கடைசி அது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறையில் நானும் மனைவியும் குடியிருந்தோம். கண்டியில் ஒரு பேக்கரியில், பாண் ரொட்டி சுடும் போறணை அடுப்பில் எனக்கு வேலை. அச்சிலிருந்து சுடச்சுடப் பாணை வெறுங்கையால் தட்டி எடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூத்த மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள். குளிப்பாட்டுவதற்குத் தெல்தோட்டையிலிருந்து மாமியார் வருவதாக ஏற்பாடு. அடைமழையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மனைவியால் குனிய முடியாது. நானே குளிப்பாட்டுகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். பேசினில் வெந்நீரை ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்தேன். இதமாக இருந்தது.

"சூடு பாத்தீங்களா?" என்றாள் மனைவி, கட்டிலில் இருந்தபடி.

"போறணைக்காரனுக்கே சூடு சொல்லித் தர்றியா?"

பிள்ளையை ஏந்திக்கொண்டு குனிந்தேன். நல்ல வேளை, பிள்ளையைப் பார்க்கப் பக்கத்து அறைச் சிங்களப் பெண் வந்தாள். அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. நங்கி, அதாவது தங்கச்சி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். வந்தவள் பேசினில் முழங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"அண்ணே, இருங்க! முழங்கை வச்சுப் பாருங்க," என்றாள் மெதுவாக.

வைத்தேன். சுரீர் என்றது. காய்த்துப்போன என் உள்ளங்கைக்குத் தெரியாத சூடு. பிள்ளையோ என் கையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தேன்.

"என்னங்க, என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் இல்ல அக்கா, தண்ணி கொஞ்சம் காணாது, இன்னும் ஊத்தணும்" என்று சொல்லிக்கொண்டே நங்கி வாளியிலிருந்து பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டாள். மறுபடி முழங்கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிள்ளையை அவளிடமே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் இடது கையைப் பிள்ளையின் தலைக்குக் கீழே சரியாக வைத்துவிட்டு, "நீங்களே ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். மகள் அழாமல் குளித்தாள். வெளியே மழைச் சத்தம், உள்ளே குழந்தை சோப்பு வாசமும் என் சட்டையில் இருந்த பாண் வாசமும். இன்றைக்கும் நினைத்தால் மூக்கில் வருகிறது.

அந்த மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு பேசினருகே முதலில் போய் நின்றவன் நான்தான். "என்னப்பா இது?" என்று சிரித்தாள். நங்கி இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. இந்தக் கைகளை நம்பித்தான் ஆயுள் முழுக்கப் பிழைத்தேன். பிள்ளைக்கு ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் இன்றுவரை அவற்றை நான் நம்புவதில்லை.