அண்ணி விட்டுவைத்த மூலை

அந்த ஏரியில் ஆகாயத்தாமரை பிடுங்கும் கூட்டத்துக்கே அவள் அண்ணிதான். மேஸ்திரி அவளுடைய கடைசிக் கொழுந்தன். அவன் அண்ணி என்று கூப்பிடப்போக, அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படியே பழகிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த வருஷமே புருஷனோடு தண்ணீரில் இறங்கியவள். புருஷன் போய்ச் சேர்ந்தான், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கினார்கள், ஆகாயத்தாமரை மட்டும் எங்கும் போகவில்லை. இந்தக் கரையில் பிடுங்கி முடிப்பதற்குள் அந்தக் கரையில் மூடிக்கொள்ளும். விரலிடுக்கில் ஆறாத சேற்றுப்புண். புரண்டு படுத்தால் தோள்பட்டை தனியாக முனகும். ஆனாலும் அண்ணி கை வைத்த இடத்தில் ஒரு இலை மிஞ்சாது என்று பேர். அவளிடம் சொத்தென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

அன்றைக்கு மிச்சம் கோரை முளைத்த மூலை மட்டும். மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார். மேஸ்திரியின் பெண்டாட்டி, அதாவது அவளுடைய ஓரகத்தி, அழுகிய இலைக் குவியல் ஒன்றை அள்ளப் போனவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"அக்கா, இந்தக் குப்பை கதகதன்னு இருக்கு!"

அண்ணி மேல் இலைகளை விலக்கினாள். உள்ளே நாலு முட்டை, தேநீர்க் கறை பிடித்த மாதிரி. முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவையுடையது. இரை தேடப் போகும்போது ஈர இலையால் முட்டையை மூடிவிட்டுப் போகும். பார்க்கிறவர்களுக்கு மக்கிய குப்பைதான். இந்தக் கூட்டம் அப்படி எத்தனையைக் கரையில் கொட்டியதோ, யார் கண்டது.

மேஸ்திரி தெப்பத்திலிருந்து கத்தினான். "அங்க என்ன மாநாடு?"

"முட்டை கெடக்கு தம்பி. இந்த மூலைய விட்டுடலாம்."

"ஏன் அண்ணி, நாம குப்பை அள்ள வந்தோமா, பிரசவம் பாக்க வந்தோமா? தூக்கிக் கரையில வைங்க."

"கரையில நாய் சுத்துது. கோரையப் புடுங்கிட்டா காத்து இந்த மெதக்குற கூட்டை அடிச்சுட்டுப் போயிடும். இது இங்கயேதான் நிக்கணும்."

"நாளைக்கு அவர் கேட்டா? பறவைக்கு வாடகைக்கு விட்டிருக்கோம்னு சொல்லவா? ஒரு இலைகூட இருக்கக் கூடாதுன்னுட்டாரு. என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

அண்ணிக்கு வாதாடத் தெம்பில்லை. விலக்கிய இலைகளை இருந்தபடியே மூடிவிட்டு, செடியை இழுக்கும் கொக்கியைத் தெப்பத்தில் போட்டாள்.

"அண்ணிக்கு வயசாயிடுச்சு, முடியலன்னு பாதியில விட்டுட்டாங்கன்னு சொல்லு."

"உங்களையா? யார் நம்புவா?"

"என் மூஞ்சியப் பாத்தா நீயே நம்புவ."

ஓரகத்தி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் அப்படியே சொன்னான்.

அதிகாரி கெட்டவரில்லை. மூலையை அடுத்த முறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். "பாவம், இனிமே இவங்களைத் தண்ணியில எறக்காதீங்க" என்றார்.

அன்றிலிருந்து அவள் கரையில் ஈரக் குப்பையைக் கூட்டிக் குவித்தாள். அந்த வேலைக்குப் பேரும் கிடையாது, பாராட்டும் கிடையாது. ஒரு நாள் ஓரகத்தி தண்ணீரிலிருந்து கூவினாள்: "அக்கா! குஞ்சுங்க தாய் முதுகுல சவாரி போகுது!" அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு எதுவும் தெளிவாகப் படவில்லை. பட்டதெல்லாம் அந்த மூலையிலிருந்து பாதி ஏரி வரைக்கும் மறுபடி படர்ந்திருந்த ஆகாயத்தாமரைதான்.

அடுத்த வாரம் மேஸ்திரி வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணி... அந்த மூலை ஒருத்தன் கைக்கும் அடங்கல."

"குஞ்சு தனியா நீந்துதா?"

"நீந்துது."

"கோரையில கை வைக்க மாட்டேன்."

"வைக்க வேணாம்."

பெருமூச்சு விட்டுக் கொக்கியை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் எப்போதும்போல் சில்லென்றுதான் இருந்தது.