நசீர் அண்ணா சொன்ன பொய்

இல்லை, அன்று தவறு செய்தவர் அவரல்ல.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி போன் செய்தார். நான் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன்.

"நசீர் பாய் போயிட்டாரும்மா. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு வந்து உட்கார்ந்தாராம். நெஞ்சுவலி."

பிறகு அவரே சொன்னார்: "தங்கமான மனுஷன். அந்த ஒரு நாள்தான் அசந்துட்டாரு. இல்லேன்னா உறையூர் கடை அவர் பொறுப்புலதான் இருந்திருக்கும்."

அந்த ஒரு நாளைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. அவரை அறிந்த பலருக்கும் அந்த நாளைத் தெரியும். தவறாகத் தெரியும்.

அறியாதவர்களுக்காக: நசீர் அண்ணா எங்கள் கே.கே. நகர் கோழிக் கடையின் கிரில் மாஸ்டர். பதினோரு வருடம் சவூதியின் தம்மாமில் ஓர் ஓட்டல் அடுப்படியில் நின்றுவிட்டுத் திரும்பியவர். மெஷின் ஓடும்போது உட்கார மாட்டார். நான் எம்.ஏ. முடித்து, வேறு வேலை கிடைக்கும்வரை என்று ஆர்டர் எடுக்கும் மேசைக்கு வந்தவள். முதல் நாள் என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"புரொபசரம்மா, இதுல கோழி வருமா?"

"வராதுண்ணா."

"அப்ப ஓரமா வைங்க. எண்ணெய் படும்."

அன்றிலிருந்து நான் புரொபசரம்மா.

மெஷின் என்று சொன்னேன். கரி அல்ல, கேஸ் அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த, விரல் நுனியளவு குச்சிகளில் எரியும் கிரில். மேலே தொட்டி. தொட்டியிலிருந்து ஒரு திருகு குச்சிகளைச் சிறிது சிறிதாகத் தள்ளும். கீழே இரும்புக் கிண்ணத்தில் ஒரு கம்பி பழுத்து அவற்றைப் பற்றவைக்கும். ஃபேன் ஊதும். இவற்றுக்குப் பின்னால், ஒரு சிறு குழாயின் முனையில் கண்ணாடிப் பொட்டு. அதைக் கண் என்பார். நெருப்பு எரிகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நெருப்பு தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

"எதை வேணா தொடுங்க. கண்ண மட்டும் யாரும் தொடக் கூடாது." சேர்ந்த எல்லோரிடமும் சொல்வார். என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

போன வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. மறுநாள் பாலக்கரையில் ஒரு மண்டபத்தில் அவருடைய அக்கா மகளின் கல்யாண விருந்து, வலிமா. இருநூறு பேர். மாப்பிள்ளை வீட்டார் வேறு சமையல்காரரைச் சொல்லியிருந்தார்கள். இவர்தான், என் மெஷின் கோழி போதும், ஒரு மணிக்கு இலையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பூஜை அன்று மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து, பாகங்களை நியூஸ் பேப்பரில் பரப்பிவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். "ராத்திரி வந்து மாட்டிக்கறேன்."

பூஜையை என் பொறுப்பில் விட்டார்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கைக்குப் பழக்கம் உண்டு. திருகுக்கு வைத்தேன், ஃபேனுக்கு வைத்தேன், கிண்ணத்துக்கு வைத்தேன். சந்தனம், நடுவே குங்குமம். கண்ணுக்கும் வைத்தேன். பிறகு அந்தக் குழாயை நானே அதன் துளையில் செருகித் திருகினேன். எட்டு மாதத்தில் இதையாவது கற்றுக்கொண்டேன் என்று அவர் பார்க்கட்டும் என்ற எண்ணம். இரவு வந்தவர் மற்றவற்றை மாட்டினார். கண் இருந்த இடத்தில் இருந்தது. அதைத் தானே கழற்றாமல் விட்டதாக நினைத்திருப்பார், சந்தேகப்படவில்லை.

மறுநாள் எட்டரைக்குப் பொத்தானை அழுத்தினார். பற்றியது. நான்கு நிமிடத்தில் அணைந்தது.

மறுபடி. பற்றியது. அணைந்தது.

ஒரு குச்சியை எடுத்து ஒடித்தார். சட்டென்று ஒடிந்தது. "ஈரம் இல்ல." கிண்ணத்துச் சாம்பலை வாரினார். தொட்டிக்குள் கைவிட்டுத் திருகு சுற்றுவதைப் பார்த்தார். ஃபேனுக்கு முன் ஒரு பில் தாளைப் பிடித்தார், பறந்தது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். மசாலா தடவிய கோழிகள் தட்டு தட்டாக அடுக்கியிருந்தன. அவர் அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

மணி ஒன்பதரை. அக்காவின் போன். "வந்துடும்க்கா. புகைய ஆரம்பிச்சாச்சு." புகையவில்லை.

கரி கேட்டு ஆள் அனுப்பினார். விடுமுறை. கிடைத்தது அரை மூட்டை.

பத்து மணிக்கு அவர் என்னிடம் திரும்பினார். "பத்தாமலே இருந்தா எனக்குக் கவலை இல்ல புரொபசரம்மா. நல்லாப் பத்துது. அப்பறம் யாரோ அணைக்கிற மாதிரி அணையுது."

அப்போது எனக்கு நினைவு வந்தது. விரல் நுனியில் சந்தனத்தின் குளிர்ச்சியோடு வந்தது.

நான் சொல்லவில்லை.

சொல்ல வாயெடுத்தேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். எடுக்கவில்லை. அவரே கண்டுபிடித்துவிடுவார், சந்தனம் சூட்டில் உதிர்ந்துவிடும், அது காரணமாகவே இருக்காது. இப்படி மாறி மாறி நினைத்தபடி நின்றேன். அவர் பற்றவைக்கும் கம்பியைச் சந்தேகித்துக் கழற்றினார். அது ஆறியிருக்கவில்லை. முழங்கைக்குக் கீழே பட்டது. தோல் வெளுத்தது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அப்போதும் சொல்லவில்லை.

பத்து நாற்பதுக்கு அவர் கண்ணைக் கழற்றினார்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காய்ந்த சந்தனம், நடுவே சிவப்பு. பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கட்டை விரலால் குங்குமத்தை முதலில் துடைத்தார். சந்தனத்தை விட்டுவைத்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார். "என்ன பாய், பதினோரு மணி ஆகப்போகுது. யாரு கண்ணத் தொட்டது?"

"நான்தாங்க. நேத்து ராத்திரி மாட்டும்போது பாத்தேன், மத்த எல்லாத்துலயும் சந்தனம் இருந்துச்சு. இதுக்கும் வெச்சுட்டேன்."

"நீங்களா?"

"எங்க தர்காவுல சந்தனக்கூடு எடுக்கறதில்லையா? சந்தனம் என்ன உங்களுக்கு மட்டும் எழுதி வெச்சதா?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்றது நீங்கதான், தொடாதேன்னு."

அவர் வெளியே போனதும் நசீர் அண்ணா கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்: "பேசாம இருங்க. உங்களுக்கு வேலை போயிடும். எனக்குத் திட்டோட போகும்."

மெஷின் பற்றியது. அணையவில்லை. வலிமாவில் கோழி பரிமாறப்பட்டபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வெறும் சோறு சாப்பிட்டு எழுந்து போனதாகச் சொன்னார்கள். அக்கா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

திட்டோடு போகவில்லை. அந்த மாதக் கடைசியில் உறையூரில் இரண்டாவது கடை திறந்தது. நசீர் அண்ணாவுக்கென்று பேசி வைத்திருந்த பொறுப்பு வேறொருவருக்குப் போனது. உறையூர் மெஷினில் கோளாறு என்றால் நசீர் அண்ணாவே டவுன் பஸ்ஸில் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார்.

ஒரு முறை நான் ஆரம்பித்தேன். "அண்ணா, அன்னைக்குக் காலையில..."

"போன் அடிக்குது பாருங்க, ஆர்டர்."

போன் அடிக்கவில்லை. அவருடைய இரக்கம் அப்படித்தான் இருந்தது, கொஞ்சம் சிடுசிடுப்பாக. ஆனால் அவர் மன்னித்தது நான் வைத்த சந்தனத்தை. நான் வாய் திறக்காமல் நின்ற நாற்பது நிமிடம் அவருக்குத் தெரியாது.

செவ்வாய் மாலை பாலக்கரை வீட்டிலிருந்து அவரைத் தூக்கிச் சென்றார்கள். பெண்கள் வாசலுக்கு உள்ளே நின்றோம். குறுகிய சந்து. எதிரே வந்த ஆட்டோ ஒன்று வழிவிட இடமில்லாமல் பின்னாலேயே நகர்ந்து முனை வரைக்கும் போனது. தோள் மாற்றி மாற்றிக் கொண்டு போனார்கள். முனையில் திரும்பியபோது பச்சைத் துணியின் ஓரம் மட்டும் ஒரு கணம் தெரிந்தது. உங்களுக்கு விடை கொடுக்கும் தகுதி இன்னும் எனக்கு வரவில்லை, அண்ணா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். அவர் மனைவி மெஹர் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது நிமிடத்தையும் சொன்னேன்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா நான் அவங்களைக் குத்திக் காட்டியிருக்கேன். சந்தனத்துக்குக் கடைய வித்த மனுஷன்னு. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கும்போதுகூட." நிறுத்தினார். "சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவாங்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"உங்க முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்ப இங்க என்ன பண்றீங்க?"

எழுந்தேன். மெயின் ரோட்டில் வீட்டுக்குப் போகும் ஸ்ரீரங்கம் பஸ் நின்றிருந்தது. அதை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய்க் கே.கே. நகர் பஸ்ஸில் ஏறினேன்.